நெற்றிக் காசில் இரண்டு ராஜாக்கள்

கணவரின் நெற்றியில் வைத்திருந்தது ஒரு ரூபாய் அல்ல என்பதைக் கோமு ஒப்பாரிக்கு நடுவிலேயே கண்டுவிட்டாள். வாய் பாட்டுக்கு அழுதது. கண் பாட்டுக்கு வேவு பார்த்தது.

கருத்து மெலிந்த வெள்ளிக் காசு. ஆயிரத்து நூறு வருஷப் பழைய இங்கிலாந்துக் காசு. கப்பல் வேலையில் இருந்தபோது கொழுந்தன் கோமதிசங்கர் லண்டனில் வாங்கி அண்ணனுக்கு அனுப்பியது. அந்த அண்ணன், சரித்திர வாத்தியார் தாணுமாலையன், அதைக் காட்டாத ஆள் தச்சநல்லூரில் கிடையாது; பால்காரர் எருமைகூட இரண்டு தடவை பார்த்திருக்கிறது.

"ஆல்ஃபிரட் ராஜா ஆளுவ எழுதுன புஸ்தகத்துல பக்கத்து நாட்டு ராஜா மடையன்னு இருக்கு. காசைப் பாரும்வே! ரெண்டு பேரும் ஒரே பலகையில தோளோட தோளா உக்காந்திருக்கானுவ. கூட்டாளியப் பொறவு மடையனாக்கிட்டானுவ!" என்பார். விலை கேட்டால், "தாமிரபரணியையே வாங்கலாம்" என்பார்.

எண்பத்தைந்தாம் வருஷம் வீட்டைப் பாகம் பிரித்ததோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பதினோரு வருஷம் எட்டிப் பார்க்காதவன், இன்று விடிந்ததும் வந்து அலமாரியைத் திறந்து காசை எடுத்து நெற்றியில் வைத்திருக்கிறான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அப்புறம் ஆற்றங்கரையில் யார் எடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? சங்கும் சேகண்டியும் முழங்க ஒரு திருட்டு!

"ஏன் தம்பி, ஒரு ரூவா கிடைக்கலியோ?"

"அண்ணன்தான் கேட்டாவ மதினி, ஆஸ்பத்திரியில வெச்சு. 'அது என்கூட வரட்டும்லே'ன்னாவ."

"பத்து நாளும் கட்டிலுக்கடியிலதான் கெடந்தேன். நீ எப்ப வந்தே?"

"நீங்க குளிக்கப் போவையில. தெனமும்."

'பைய குளிச்சிட்டு வா' என்று அவர் தினமும் விரட்டியது கோமுவுக்கு உறைத்தது. ஆனாலும் சந்தேகம் அரை அங்குலம் நகரவில்லை.

"வாய்க்கரிசி போடுதவங்க வாங்க!" என்றார் சடங்கு செய்யும் மாரிக்கண்ணு. வாயை மூடிக் கட்டியிருந்த தாடைக்கட்டை அவிழ்த்தார்.

கோமு மூன்று சுற்று சுற்றி, முகத்தின்மேல் விழுந்து அழுதாள். எழுந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. கைப்பிடி அரிசியோடு எதையோ கணவரின் வாய்க்குள் ஆழத் தள்ளினாள்.

"நெத்திக் காசை எங்க?" மாரிக்கண்ணு தரையெல்லாம் தேடினார்.

கோமதிசங்கர் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நெற்றியில் வைத்தான். பிறகு அண்ணனின் வாயை மூடி, தாடைக்கட்டை அவனே கட்டினான். மூன்று தடவை முயன்றும் முடிச்சு விழவில்லை.

"நல்லா இறுக்கு தம்பி" என்று கோமு முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக் கொடுத்தாள்.