இருபத்திரண்டு பாகம்

புன்னைக்காயலில் சங்கு குளிக்கும் வியாகுலம் நான்கு வருடத்தில் ஐந்தரை அடியிலிருந்து ஒரு சாணாகக் குறைந்தார். நோய் எதுவும் இல்லை. பசி, கோபம், குரல் மூன்றும் பழைய அளவிலேயே இருந்தன.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குக் கிழக்கே, எட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு பழைய மரக்கப்பல் கிடக்கிறது. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். வியாகுலத்தின் மகள் ஜெர்லின், அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் முங்கி அந்தக் கப்பலைப் படமெடுத்துப் பதிவு செய்தாள். முதல் நாளே நீரோட்டம் அளவுநாடாவை அடித்துக்கொண்டு போனது. வழிகாட்ட வந்திருந்த வியாகுலம் நான்கு மூச்சில் இறங்கி, கை விரித்துக் கப்பலை அளந்தார். இருபத்திரண்டு. ஜெர்லின் சிலேட்டில் எழுதினாள்.

புது வள்ளத்தைக் கை விரித்து அளக்கலாம், முங்கியதை உயிருள்ளவன் அளக்கக் கூடாது என்பது அந்தக் கடற்கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். நாடா போன எரிச்சலில் இரண்டு பேருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. "ஒன் அப்பன் ஒடம்ப கப்பலுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே, பட்டம் வாங்குன லட்சணமாட்டி இது?" என்று அம்மா மரியம்மாள் தலையிலடித்துக்கொண்டாள்.

இழுவைமடிப் படகுகள் கப்பலின் முன்பக்கத்தைக் கிழித்த வாரம், வியாகுலத்தின் வேட்டி தரையில் இழுபட்டது. யாரோ செப்புத் தகடுகளைப் பெயர்த்து விற்ற மாதம், மரியம்மாள் அவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை எடுத்தாள். சங்கு அவர் கைக்கு அடங்காமல் போனது, தொழிலும் போனது. "மாமா, ஒமக்கு இனி வள்ளத்துல எடம் வேண்டாம் வே, சட்டைப்பை போதும்" என்றான், கூட முங்கும் பெனிட்டோ. வியாகுலம் சொன்ன பதிலை எழுத முடியாது.

கப்பல் மிஞ்சினால்தான் அப்பா மிஞ்சுவார். கப்பலுக்குப் பாதுகாப்புக் கேட்டு ஜெர்லின் பாளையங்கோட்டை தொல்லியல் அலுவலகத்துக்கு ஆறு முறை மனு கொண்டுபோனாள். புது நாடாவின் அளவு செல்லாது, முதல் பதிவு பாகத்தில் இருப்பதால் அதே ஆளின் பாகத்தில்தான் தர வேண்டும் என்றார்கள். வியாகுலம் ஆறு முறையும் அளந்தார். கப்பல் குறைந்த அளவுக்குக் கையும் குறைந்திருந்தது.

"ஏம்மா, எல்லா மனுவுலயும் இருபத்திரண்டுதான போட்டிருக்கு? கப்பல் அப்படியேதான கெடக்கு? பொறவு என்னத்துக்குப் பாதுகாப்பு?" என்றார் எழுத்தர் கார்த்திகேசன்.

ஜெர்லின் பையிலிருந்து அப்பாவை எடுத்து, எழுத்தரின் மேசையில் கோப்புகளின் மேல் நிறுத்தினாள். "இவர அளந்து பாருங்க சார்."

கார்த்திகேசன் குனிந்து பார்த்தார். மரியாதையாக வணக்கமும் சொன்னார். "இது ஆஸ்பத்திரி சமாச்சாரம்லா. நம்ம துறையில வராது."

"ஒங்க துறையில சம்பளத்தத் தவிர வேற என்னதான் சார் வரும்?"

மனு நிலுவையில் இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெர்லின் அப்பாவைச் சங்குப் பையில் வைத்துக்கொண்டு முங்கினாள். மூன்று ஆள் நீளத்துக்கு அடிமரம் மட்டும் மணலில் மிச்சமிருந்தது. வியாகுலம் அதன்மேல் குப்புறப் படுத்து, கை விரித்து, நகர்ந்து, மறுபடி கை விரித்தார்.

"இருபத்திரண்டு. ஒரு வெரக்கட கொறையலட்டி" என்றார், மேலே வந்ததும்.

ஜெர்லின் எழுதிக்கொண்டாள். பிறகு கைக்குட்டையின் நுனியால் அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.