மிளகளவு புள்ளி

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அக்கா. பிள்ளைகள் அவளைப் பெரிய டீச்சர் என்பார்கள், என்னைச் சின்ன டீச்சர் என்பார்கள். ஐம்பதைத் தொடப்போகிற எனக்கு இப்படி ஒரு பட்டம். அவள் அங்கே பின்னத்தைத் தசமமாக மாற்றச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் இங்கே என் வாய்ப்பாடு நின்றுபோகும். அவ்வளவு கணீர்க் குரல் அவளுக்கு.

"கீழ இருக்கிறவனைப் பத்தாக்கு, இல்லன்னா நூறாக்கு. கீழ என்ன பண்றியோ அதையே மேலயும் பண்ணு. ஓரவஞ்சனை கூடாது." அவளுடைய மொத்தப் பாடமும் இதுதான். நாலில் ஒன்று என்றால், நாலை நூறாக்க இருபத்தைந்தால் பெருக்க வேண்டும். மேலே இருக்கும் ஒன்றையும் அதே இருபத்தைந்தால் பெருக்க வேண்டும். நூறில் இருபத்தைந்து, அதாவது பூஜ்யம் புள்ளி இரண்டு ஐந்து. வருடா வருடம் தடுப்பு வழியாகக் கேட்டுக் கேட்டு, என் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் முன்பே பாதியைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

அவள் வகுப்பில் 'கொசு' என்று பெயர் வாங்கிய ஒரு சிறுமி இருந்தாள். ஆள் ஒரு பிடிதான், ஆனால் காதருகே வந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், விரட்டினாலும் போகமாட்டாள். மழைக்காலத்தில் ஒருநாள் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னாலேயே தாழ்வாரம்வரை வந்தாள். புள்ளி வைக்கவில்லை என்று அக்கா தப்புப் போட்டிருந்தாள். "நான் வச்சிருக்கேன் டீச்சர், பாருங்க" என்றாள் கொசு. அக்கா நோட்டை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். புள்ளி இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அடுத்த வாரம் இன்னும் நாலைந்து பேர் அப்படியே வந்து நின்றார்கள். நான் அவளைத் தரதரவென்று கண் மருத்துவரிடம் இழுத்துப்போனேன். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, ஓரம் தப்பிக்கும், நடுவைக் காப்பாற்ற முடியாது என்று அவர் சொன்னார். அதனால்தான் தெருவில் யார்மீதும் மோதாமல் நடந்தாள், சந்திலிருந்து ஓடிவரும் நாயை எனக்கு முன்னால் பார்த்தாள், ஆனால் நேராகப் பார்க்கிற முகம் மட்டும் அவளுக்குக் கலங்கிப்போயிருந்தது. எதை உற்றுப் பார்த்தாளோ அதுதான் மறைந்தது. பெரிய எழுத்து போகக் காலம் இருந்தது. முதலில் போனது புள்ளி.

தலைமையாசிரியருக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அவள் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முழங்கால் போன விளையாட்டு ஆசிரியரை அவர் மைதானத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் இருக்கும் பொருள் அறையில் உட்காரவைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அங்கே சாக்பீஸ் பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் பழைய வரைபடங்களும் இருந்தன. அந்த மனிதர் மதியத்துக்குமேல் சுவரைப் பார்த்தபடி இருப்பார். அக்காவுக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வகுப்பு ஒன்றுதான்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறியா?" என்று கத்தினேன்.

"பூசணிக்காய் இல்லடி, ஒரு புள்ளி" என்றாள். பிறகு, எனக்கு இன்றும் வலிக்கிற குரலில், "அந்த ரூம்ல சத்தமே இல்லடி. சத்தமில்லாத இடத்துல நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள். தலைமையாசிரியரிடம் போகிற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

வழி கண்டுபிடித்தது கொசுதான். அடுத்த நோட்டில் அவள் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். அக்கா தலையைச் சாய்க்காமலே அதைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியுது கண்ணு" என்றாள். போதாதா? மறுநாள் வகுப்பு முழுவதும் அப்படியே வைத்தது. கடுகாக இருந்த புள்ளி மிளகாயிற்று. அக்காவின் கண் மோசமாக மோசமாக மிளகு சட்டைப் பொத்தானாயிற்று. முதலில் ஒரு வட்டம் போட்டு, அதைப் பென்சிலால் கருகருவென்று நிரப்புவார்கள். எங்கள் வகுப்பில் எல்லாருமே பெரிய புள்ளிகள் என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். ஏன் என்று அக்கா சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எது எப்படித் தெரிகிறதோ, தெரிந்துவிடுகிறது. வீட்டில் அந்த நோட்டுகளைப் பார்த்து நான் கேலி செய்தேன். அவள் திருத்திக்கொண்டே சிரித்தாள். அந்தச் சில மாதங்கள் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

வருடக் கடைசியில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு. கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும், விடைத்தாளைத் திருத்துவதும் வேறு பள்ளி ஆசிரியர்கள். கணக்கில் சரிபாதி பின்னமும் தசமமும்தான், எங்கள் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று நான் எல்லாரிடமும் பெருமை பேசித் திரிந்தேன்.

விடைத்தாள்கள் திரும்பி வந்த அன்று தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் அழையா விருந்தாளியாகப் பின்னால் போனேன். ஐந்தாம் வகுப்பு முழுவதும் கணக்கில் தேறவில்லை என்றார் அவர். ஒரு பிள்ளைக்குக்கூடத் தசமம் வரவில்லை, இப்படியே விட்டால் வகுப்பையே மறுபடி ஐந்தாவதில் உட்காரவைக்க வேண்டியதுதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இத்தனை வருடம் பார்த்த டீச்சருக்கு இப்படி ஆகிவிட்டதே என்கிற குழப்பம்தான் அவர் முகத்தில் இருந்தது.

அக்கா மேலே இருந்த தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். அது கொசுவின் தாள். தலையைச் சாய்த்து மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு" என்றாள். "ஏழு பை ரெண்டு, மூணு புள்ளி அஞ்சு. சரிதானே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "டீச்சர், அது முன்னூத்தஞ்சு" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். மூன்று, அப்புறம் ஒரு வட்டம், அப்புறம் ஐந்து. வட்டம் அழகாக இருந்தது. உள்ளே பென்சில் படவே இல்லை. அடுத்த தாளிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும். நேரம் போகிற பதற்றத்தில் ஒருவருக்கும் நிரப்பப் பொழுதில்லை. அக்காவுக்கு வட்டமும் புள்ளியும் ஒன்றுதான், உலகத்துக்கு அது பூஜ்யம். அந்தப் பிள்ளைகள்மேல், அவள்மேல், எல்லாம் தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்த என்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அக்கா தாளை விரலால் தடவினாள். பென்சிலால் நிரப்பிய இடம் வழவழவென்று இருக்கும், அது அவளுக்குத் தெரியும்.

"நிரப்பலையா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லக்கா."

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று இரண்டு திட்டு விழும், கொஞ்ச நாளில் மறந்துபோகும், வகுப்பும் அவளிடமே இருக்கும். பிள்ளைகள்தான் இன்னொரு வருடம் உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது பொய் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"சார், இது பூஜ்யம் இல்ல, புள்ளி. என் கண்ணுக்குத் தெரியணும்னு பிள்ளைங்க பெருசா வச்சுப் பழகிட்டாங்க. தாளை நான்தான் பாப்பேன்னு நினைச்சிருப்பாங்க. எனக்குக் கண்ணுல நடுப்பகுதி போயிடுச்சு."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர். இப்ப வந்து, கண்ணு கெட்ட பிறகு..." என்று ஆரம்பித்த தலைமையாசிரியர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சூரிய நமஸ்காரம். முடிச்சிடுங்க சார், பழமொழிதானே" என்றாள் அக்கா. சிரித்ததும் அவள்தான்.

அவர் அன்றே தேர்வு நடத்தியவர்களிடம் ஆள்மேல் ஆளாகப் பேசினார். தாள்களை மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டார்கள். வட்டங்களைப் புள்ளிகளாகப் படித்தபோது ஒரு தப்பும் இல்லை, வகுப்பு முழுவதும் தேறியது. அதைச் சொல்லவந்தபோதே, திங்கட்கிழமை முதல் அக்காவுக்குப் பொருள் அறை என்பதையும் சொன்னார். நாற்காலி நல்லதாகப் போட்டுத் தருகிறேன் என்றார் பாவம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை அவளுடையது. என் பிள்ளைகளுக்கு எதையோ எழுதக் கொடுத்துவிட்டு, நான் தடுப்பின் விளிம்பில் போய் நின்றேன். அழுகை, பிரிவு என்று அங்கே ஒன்றும் இல்லை. அவள் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பென்சில் முனையை ஒரு தடவை தொட்டு எடுத்தால் போதும், வட்டம் வேண்டாம், நிரப்ப வேண்டாம், மேல் வகுப்பில் யாரும் அப்படி வைக்கமாட்டார்கள் என்றாள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னதாக வைத்தால் நீங்கள் எப்படித் திருத்துவீர்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அக்கா கொசுவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு நாலில் மூன்றை மாற்றச் சொன்னாள். கொசு கீழே இருந்த நாலை நூறாக்கினாள், மேலே எழுபத்தைந்து வந்தது. பூஜ்யம் எழுதினாள். சாக்பீஸைப் பலகைக்கு அருகில் கொண்டுபோய் அப்படியே நின்றாள். கை வழக்கம்போல வட்டமாகச் சுற்றப் போனது, நின்றது. பிறகு ஒரே ஒரு தட்டு. ஏழு, ஐந்து என்று எழுதிவிட்டு நகர்ந்து நின்றாள்.

அக்கா பலகைக்கு முன்னால் போனாள். நேராகப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் புள்ளி வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"புள்ளி வச்சியா கண்ணு?"

"வச்சேன் டீச்சர்" என்றாள் கொசு.

"எனக்குத் தெரியலை" என்றாள் அக்கா. "அப்ப சரியாத்தான் வச்சிருக்கே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் நோட்டில் அதேபோல எழுதச் சொன்னாள்.