முதலாளி வேஷம்

அனுசுயாவுக்கு முதலாளி வேஷம் கொடுத்தது முஸ்தஃபா. பகலெல்லாம் பைக் ரிப்பேர், சாயங்காலமானால் தெரு நாடகம் என்று அலைகிற மனிதர். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிறவள் தொழிலாளியாகவே நடித்தால் மாட்டிக்கொள்வாள். வெள்ளைச் சட்டையும் ஒட்டு மீசையுமாக முதலாளியாக நின்றால் எந்தக் கொம்பனுக்கும் அடையாளம் தெரியாது என்றார். யோசனை நல்ல யோசனைதான். அவளுக்கு நாக்கு என்று ஒன்று இருப்பதைத்தான் மறந்துவிட்டார்.

நாடகம் ஒரே விஷயத்தைப் பற்றியது. ஷிஃப்ட் முடியும்வரை தறி ஷெட்டை வெளியே பூட்டி வைக்கிறார்களே, அது. அனுசுயாவின் தங்கை அனிதாவுக்குப் பஞ்சுத் தூசி ஆகாது, மூச்சு இழுக்கும். இன்றைக்கும் அவள் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தாள். அந்தக் கதவு திறக்க வேண்டும் என்றுதான் அனுசுயா மீசை ஒட்டிக்கொண்டாள். கலைச்சேவை, மண்ணாங்கட்டி எல்லாம் ஒன்றும் கிடையாது.

திருத்தணி பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மலையிலிருந்து இறங்கியவர்கள், திருப்பதி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். தொழிலாளியாக நடித்த மெஹ்னாஸ் கைகளைப் பிசைந்தாள்.

"கதவ கொஞ்சம் தெறந்து வைங்கய்யா. என் தங்கச்சிக்கு மூச்சு முட்டுது."

இதற்கு எழுதி வைத்திருந்த பதில் வேறு. அனுசுயாவுக்கு ஆத்திரம் முந்திக்கொண்டது. "உன் தங்கச்சிக்கு மூச்சு முட்டுதுன்னா, அவளுக்கும் சேத்து நீயே வுடு."

கூட்டம் சிரித்தது. டீக்கடை ஓரமாக நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய நிஜ முதலாளி, வரதராஜன். போன வாரம் தன் அறையில் வைத்து அவளிடம் மட்டும் அவர் சொன்ன வார்த்தைகள் அவை.

அவரை யாரென்று அறியாத முஸ்தஃபா வழக்கம்போல முன்னால் வந்தார். "பாத்துகினு இருக்கறவங்க யார் வேணா வந்து நடிக்கலாம்ங்க. கதைய மாத்தலாம்."

வரதராஜன் டம்ளரை வைத்துவிட்டு நிதானமாக நடுவில் வந்தார். "மொதலாளியா நான் நடிக்கறேன்" என்றார். பிறகு அனுசுயாவின் பக்கம் திரும்பி, ஒரு விரலால் அவள் மீசையைச் சரி செய்தார்.

"கோணலா இருந்துச்சும்மா."

செல்போனை எடுத்து ஷெட் மேஸ்திரியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"டில்லிபாபு, ஷிஃப்ட் வுட்டதும் எல்லாரையும் அனுப்பிடு. அனிதாவ மட்டும் உள்ள வச்சுப் பூட்டு. அவங்க அக்கா வந்து கேக்கட்டும்."

"ஆங், சரிங்கண்ணா" என்றது போன்.

இயல்பான நடிப்பு என்று கூட்டம் கை தட்டியது. அனுசுயா மீசையைப் பிய்த்து எறிந்தாள். "இது நாடகம் இல்லீங்க. அனிதா என் தங்கச்சி. நெஜமாவே பூட்டப் போறாங்க."

கைதட்டல் இன்னும் பலத்தது. வரதராஜன் காரை நோக்கி நடக்க, ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முஸ்தஃபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அனுசுயாவை இழுத்துக்கொண்டு பைக்கை நோக்கி ஓடப் பார்த்தார். "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று கத்தினார். ஒருவரும் நகரவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க எல்லோரும் இன்னும் நெருங்கி வந்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் இடுப்பில் இருந்த பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள்.

"அந்தக்காவப் பாரு கண்ணு, எவ்ளோ நல்லா அழுவுது பாரு."