புதன்கிழமை ஆடு

எங்கள் தீவு விடுதிக்கு வருகிறவர்களிடம் எதைப் பார்க்கலாம், எங்கே போகலாம் என்று சொல்வதுதான் என் வேலை. வரவேற்பறை ஓரத்தில் ஒரு மேசை, அதன்மேல் ‘ஷெர்மா’ என்று பெயர்ப்பலகை. கண்ணாடி அடிப் படகில் போய்ப் பவளப் பாறை பாருங்கள். நடுக்கடலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் குளியுங்கள், பத்து வயது குறையும் (இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும்). புதன்கிழமை நாலு மணிக்குக் கடற்கரையில் ஆட்டுப் பந்தயம். இதெல்லாம் வாய் தானாகச் சொல்லிவிடும், மனசு எங்கேயாவது திரிந்துகொண்டிருக்கும்.

ஈஸ்டர் வாரத்தில் அது முழுக்க முழுக்க ஒரு ஆட்டின் பின்னால் திரிந்தது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் புக்கூ மைதானத்தில் நிஜப் பந்தயம். என் தம்பி கெர்வின் அதில் ஓடுகிறவன். ஆட்டின் மேல் யாரும் ஏறுவதில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அதன் பின்னால் பறக்க வேண்டும். ஆட்டின் மூக்கு கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. கெர்வின் ஒவ்வொரு வருஷமும் இரண்டாவதாகவே வந்து தொலைவான். இப்போது முழங்காலும் போய்விட்டது. இந்த வருஷத்தோடு பந்தய ஓட்டத்தை விட்டுவிடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடவை ஒலிபெருக்கியில் தன் பெயரை முதலாவதாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதற்கு மிச்சமிருந்தது இந்த ஒரு செவ்வாய்தான்.

அவன் ஆடு பெப்பர் காற்றாய்ப் பறக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சீசன் ஆரம்பத்தில் எங்கள் மேனேஜர் பாப்டிஸ்ட், விருந்தாளிகளுக்காகப் புதன்தோறும் மணலில் ஒரு விளையாட்டுப் பந்தயம் நடத்தக் கூப்பிட்டார். ஆட்டுக்கும் பயிற்சியாச்சு என்று கெர்வின் தலையாட்டிவிட்டான். அங்கே ஓட்டம் முடிகிற இடத்தில் விருந்தாளிகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெப்பர் அவர்கள் முன்னால் நின்று முகத்தைக் காட்டும். உடனே வாழைப்பழக் கேக் கிடைக்கும்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகும் முன் கடற்கரைக்குப் போனேன். கெர்வின் கழுத்தளவு தண்ணீரில் பெப்பரை நீந்த விட்டுக்கொண்டிருந்தான். நீந்தினால்தான் ஆட்டுக்குக் கால் இறுகும், மூச்சு நீளும். கரையேறியதும் மணலில் விரட்டினான். அது பறந்தது. அப்போது தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் குறுக்கே வந்து ஃபோனைத் தூக்கினார். பெப்பர் சட்டென்று நின்று தாடியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டியது.

“பாத்தியாடா?” என்றேன்.

“என்னத்த?”

“போட்டோவுக்கு நிக்குதுடா உன் ஆடு!”

“அழகா இருக்கு, நிக்குது. உனக்கென்ன பொறாமை?”

“கெர்வின், விளையாடாத. செவ்வாக்கெழம நின்னுச்சுன்னா?”

“மைதானத்து வாசனை புடிச்சா அதுக்கு வேற எதுவும் தெரியாதுக்கா. நீ போய் ஜெபம் பண்ணு. ஆட்டப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத.”

ஆத்திரமாக வந்தது. ஜெபமும் பண்ணினேன். பாதிரியார் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நான் வாழைப்பழக் கேக்கை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விருந்தாளிகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. முடிவுக் கோட்டிலிருந்து தள்ளி, பாதி ஓடுபாதைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் போட்டுத் தரும்படி பாப்டிஸ்டிடம் கெஞ்சினேன்.

“முடிவுக் கோட்டுக்குப் பக்கத்துலதான் அவங்கள உக்கார வைக்கணும் ஷெர்மா. அதுக்குத்தானே வர்றாங்க?”

“ஆடு மிரளும் சார்.”

“உங்க ஆடா மிரளும்? புதன்கிழமை என் விருந்தாளிங்க மடியில ஏறாத குறை!”

அதுதான் என் பயமே என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பஸ்ஸில் எழுந்து நின்று, என் தம்பி ஓடுகிற கடைசி ஓட்டத்தில் மட்டும் தயவுசெய்து யாரும் ஃபோனைத் தூக்காதீர்கள் என்று சொன்னேன். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். முன் இருக்கையில் இருந்த ஹார்ட்லி அம்மா, மடியில் பெரிய கைப்பையோடு, “கண்ணாலயே பாக்குறோம், கவலப்படாதம்மா” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனுஷி. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

நண்டும் மாவுருண்டையும் மணக்கிற மைதானத்தில் என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. கெர்வின் வெள்ளைக் கால்சட்டை, சிவப்பு பனியனில் வந்தான். முழங்காலில் இறுகக் கட்டியிருந்தான். பக்கத்து வரிசையில் மவுண்ட் பிளசன்ட் ஊர்க்காரன் ஆல்ஸ்டன், கறுப்பு ஆட்டோடு.

“என்னடா ரெண்டாவது, வழக்கமான எடம் காலியாத்தான் இருக்கு” என்றான் ஆல்ஸ்டன்.

“இன்னிக்கு அந்த எடத்த உனக்குத் தொடச்சு வச்சிருக்கேன்” என்றான் கெர்வின்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கண் மட்டும் விருந்தாளிகளின் கைகளிலேயே இருந்தது.

ஓட்டம் தொடங்குகிற இடத்துக் கதவு திறந்தது. பெப்பர் முதல் பாய்ச்சலிலேயே முன்னால் வந்துவிட்டது. கெர்வின் நொண்டவே இல்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. “சிவப்பு முன்னாடி! கெர்வின்! புக்கூ கெர்வின்!” என்று ஒலிபெருக்கி அலறியது. என் தொண்டையும் கிழிந்தது. ஆல்ஸ்டனின் ஆடு ஓர் உடல் நீளம் பின்தங்கியிருந்தது.

அப்போது என் விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தூக்கினார். பிறகு எல்லாக் கையும் மேலே போனது.

“ஃபோன கீழ எறக்குங்க! எறக்குங்கன்னு சொல்றேன்ல!”

யார் காதிலும் விழவில்லை. பெப்பரின் காதுகள் நிமிர்ந்தன. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றது. தாடியை உயர்த்தியது.

ஓடிவந்த வேகத்தில் கெர்வினால் நிற்க முடியவில்லை. ஆட்டைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, அந்த முழங்காலின் மேலேயே விழுந்தான். முதலில் வந்தவன் அவன்தான். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில், கோட்டுக்கு அந்தப்பக்கம், பெப்பர் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆல்ஸ்டனின் கறுப்பு ஆடு அதை உரசிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் போனது. இரண்டாவது இடம்கூட இல்லை.

ஒலிபெருக்கி ஆல்ஸ்டன் பெயரைக் கூவியது. நான் தடுப்புக்கயிற்றைத் தாண்டி ஓடினேன். என் பின்னாலேயே விருந்தாளிகளும் கைதட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஹார்ட்லி அம்மா கைப்பையிலிருந்து விடுதியின் காகித உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே வாழைப்பழக் கேக். பெப்பர் நிதானமாக நடந்து கோட்டைத் தாண்டி வந்து அவர் கையிலிருந்து தின்றது.

“எவ்வளவு கெட்டிக்கார ஆடு! சொல்லிவச்ச மாதிரி எங்களுக்காக நின்னுச்சு பாருங்க!” என்றவர், கெர்வினிடம் குனிந்து, “அடுத்த ஓட்டம் எப்போ தம்பி? நாங்க வெள்ளிக்கிழமைதான் ஊருக்குக் கெளம்புறோம்” என்றார்.

கெர்வின் புல்லில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் கட்டில் ரத்தம் ஊறியிருந்தது. ஹார்ட்லி அம்மாவைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“கேக்குறாங்கல்லக்கா. சொல்லு.”

“புதன்கிழமை நாலு மணிக்கு. கடற்கரையில.” என் வாய் சொல்லிவிட்டது.

“முன்னாடியே வந்துடுங்கம்மா. நல்ல எடம் கெடைக்கும்” என்றான் கெர்வின், பெப்பரின் வாயோரத்தில் ஒட்டியிருந்த கேக் துணுக்கைத் துடைத்துவிட்டபடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அழுதது நான்தான்.