மேஜரைப் பார்க்காத இருவர்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பெண் பார்ப்பது என்று ஒன்று கிடையாது. தற்செயலாகச் சந்திப்பது என்று ஒன்று உண்டு. இரண்டு வீட்டாரும் வாரக்கணக்கில் தொலைபேசியில் பேசி, நாள் பார்த்து, அந்தத் தற்செயலை ஏற்பாடு செய்வார்கள். வழக்கமாக அது கோயில் வாசலிலோ ஷொப்பிங் மோலிலோ நடக்கும். இங்கே பிறந்த பிள்ளையைப் பலகாரத் தட்டோடு வந்து நிற்கச் சொன்னால் வீடு இரண்டாகும். தற்செயல் என்றால் தோளைக் குலுக்கிவிட்டு வந்துவிடும்.

நியூ லினில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜெயரட்ணம், மகள் கஜந்தினிக்கான தற்செயலுக்கு ஒரு சினிமாவைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் ராணுவப் படம். எல்லை முகாமில் ஒரு மேஜர் மனநோய் பிடித்து ஆட்களை வதைக்கிறான், ஒரு கமாண்டோ அவனைத் தேடிப் போகிறான். வந்தவர்கள் எல்லோரும் பாதியில் எழுந்து போனதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் ஜெயரட்ணம் டிக்கெட் எடுத்தார்.

"கலியாணம் பேசப் போற இடத்திலை ஆளை ஆள் வெட்டுறதையே பாக்கப் போறியள்?" என்று கேட்டார் மனைவி சற்குணம்.

"வெட்டுறதைப் பாக்க இல்லை. வெட்டுறதைப் பாக்கிறவனைப் பாக்க."

அவர் தொழில் அப்படி. சாக்கின்மேல் அச்சடித்த மயிலையும் தாமரையையும் பார்த்து அரிசி வாங்குகிறவர் இல்லை. குத்தூசியால் ஒரு குத்து, உள்ளங்கையில் நாலு அரிசி, வாயில் ஒன்று. மாப்பிள்ளையாகப் பேசப்பட்ட ஆதவனுக்கு நல்ல வேலை, மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு, பணிவான பேச்சு. எல்லாம் சாக்குப் படம். உள்ளே இருப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை. இளவயதில் கொழும்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில நாள் வைத்திருந்தார்கள். விசாரித்த அதிகாரி ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து அறையில் ஒருவன் அலறிக்கொண்டிருக்க, அந்த ஆள் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டார். பழத்தில் ஒட்டிய நாரை ஒவ்வொன்றாக எடுத்து மேசை விளிம்பில் வரிசையாக வைத்தார். ஜெயரட்ணம் இதை யாரிடமும் சொன்னதில்லை, சற்குணத்திடம்கூட. ஆனால் அடுத்தவன் அலறும்போது ஒருவன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மகளைக் கொடுக்க அவர் தயாரில்லை.

சற்குணம் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். மவுண்ட் வெல்லிங்டன் தியேட்டர் வாசலில் மற்ற எல்லோரும் முறைப்படி ஆச்சரியப்பட்டார்கள்.

"அட, நீங்களும் இஞ்சையோ?"

"ஆமா சார், சும்மா வந்தோம்," என்றார் ஆதவனின் அம்மா கல்யாணி. பட்டுச்சேலையில் சும்மா வந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் சுந்தரம் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். ஐந்து இருக்கைகளும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமைந்தது இன்னொரு தற்செயல். ஒரு முனையில் ஜெயரட்ணம், பிறகு கஜந்தினி, ஆதவன், சுந்தரம், மறுமுனையில் கல்யாணி.

முதல் குண்டு வெடித்த கையோடு சுந்தரம் தூங்கிப்போனார். கமாண்டோ மலைச்சரிவில் கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சுட்டுத் தள்ளினான், தியேட்டர் கைதட்டியது. மேஜர் ஒரே ஒருவனை நாற்காலியில் கட்டிவைத்துக் குறடு ஒன்றைக் கையில் எடுத்தான், தியேட்டர் பதறியது. கொலையிலும் சில்லறை விலை வேறு, மொத்த விலை வேறு.

ஜெயரட்ணம் திரையைப் பார்க்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்னால் சாய்ந்து, மகளைத் தாண்டி, ஆதவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் குறடு விரலில் பட்டதும் ஆதவன் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான், மெதுவாக, அவசரமே இல்லாமல். மறுகை பொப்கோர்னை எடுத்து வாயில் போட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அடுத்த வதைக் காட்சியிலும் அதே துடைப்பு, அதே மெல்லல்.

ஜெயரட்ணத்துக்கு விளங்கிவிட்டது. தெளிவாகப் பார்ப்பதற்காக அல்லவா துடைக்கிறான்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். பிள்ளைகள் இருவரும் கோப்பி வாங்கப் போனார்கள். ஜெயரட்ணம் வெளியே வந்து கல்யாணியைத் தேடினார். ஜாதகத்தை இன்னொருவரிடமும் காட்ட வேண்டும் என்று சொன்னால் போதும். அதைக் கேட்ட யாரும் அடுத்த தற்செயலுக்கு வருவதில்லை.

அவர் வாயைத் திறக்குமுன் கல்யாணி சொன்னார்: "சார், ஜாதகத்தை வேற ஒரு ஜோசியர்கிட்டயும் காட்டலாம்னு தோணுது."

விற்கிறவர் தன் சரக்கைத் தானே உள்ளே எடுத்து வைக்கலாம். வாங்க வந்தவர் புறங்கையால் தள்ளினால் பொறுக்காது.

"ஏன், எங்கடை பிள்ளையிலை என்ன குறை?"

"பொண்ணு தங்கம் சார். குறை உங்ககிட்டதான்."

"என்னட்டையோ?"

"அந்த மேஜர் விரலை நொறுக்குறான். தியேட்டரே கண்ணை மூடிக்குது. நீங்க மட்டும் இமைக்காம என் பையனையே பார்த்துட்டு இருக்கீங்க. படத்துல இருக்கிற சைக்கோவாவது சிரிக்கிறான். நீங்க அதுகூட இல்லை. இந்த வீட்டுல எப்படி சார் சம்பந்தம் வைக்கிறது?"

எத்தனையோ மூட்டையைக் குத்திப் பார்த்தவர், குத்தூசி தன்மேலும் இறங்கும் என்று நினைத்ததில்லை.

"ஓம், அவரைத்தான் பாத்தனான். பாக்கத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். அங்கை ஒருத்தன் கத்துறான், இவர் கண்ணாடியை வடிவாத் துடைச்சுப்போட்டுச் சாப்பிடுறார், தங்கச்சி. அப்பிடிச் சாப்பிட்ட ஒரு ஆளை நான் முந்திக் கண்டிருக்கிறன்."

கடைசி வரியைச் சொல்வதாக உத்தேசம் இருக்கவில்லை. கல்யாணி அவரைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துடைச்சானா? சார், அவனுக்கு மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லைன்னா பெத்தவளையே தெரியாது. ஸ்கூல்ல தவளையை அறுக்கச் சொன்னப்ப மயங்கி விழுந்து நெத்தியில தையல். அதுலேர்ந்து படத்துல ரத்தம் வந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிற மாதிரி நடிப்பான். பக்கத்துல பொண்ணு உட்கார்ந்திருக்கு, பயம்னு வெளியில சொல்லுவானா?"

"பொப்கோர்ன்?"

"பயந்தா சாப்பிடுவான். அந்த உடம்பு பின்ன எப்படி வந்துச்சு?"

ஜெயரட்ணம் தலையைச் சொறிந்தார். "அப்ப பிழை என்னிலைதான். விடுங்கோ, முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுது, எனக்கு எங்கே முடிஞ்சுது? பாதிப் படம் நீங்க என் பையனைப் பார்த்தீங்க. மீதிப் படம் நீங்க திரையைப் பாருங்க. நான் உங்களைப் பார்க்கிறேன்."

மறுத்துப் பேச இடமில்லாத பேரம். ஜெயரட்ணம் உள்ளே போய் உட்கார்ந்தார்.

முதலில் கஷ்டமில்லை. திரையில் மேஜர் கூச்சலிட்டான், எதற்கெடுத்தாலும் சிரித்தான். கத்துகிற ஆளிடம் ஜெயரட்ணத்துக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை. பிறகு மேஜர் சிரிப்பை நிறுத்தினான். நாற்காலியை இழுத்துக் கைதிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். ஊர் எது, அம்மா சுகமா என்று தணிந்த குரலில் விசாரித்தான். பக்கத்து அறையில் யாரோ அலறத் தொடங்கினார்கள்.

ஜெயரட்ணத்தின் கை தானாக எழுந்து கண்ணாடியைக் கழற்றியது. திரை வெறும் நிறமாகக் கலங்கிப்போனது. ஆனால் சத்தத்துக்குக் கழற்றுவதற்கு ஒன்றுமில்லை.

"அங்கிள்," என்று கஜந்தினியைத் தாண்டி ஆதவன் கிசுகிசுத்தான். "முடிஞ்சிருச்சா?"

"தெரியேல்லைத் தம்பி. நானும் கழட்டிப்போட்டன்."

"நாட் யெட், டாடி. ரெண்டு பேரும் லுக் பண்ணாதீங்கோ," என்றாள் கஜந்தினி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கூடத்து நர்ஸ். "பிளட் இப்பிடி வராது. டோட்டலி ஃபேக்."

அலறல் தொடர்ந்தது. அதன் நடுவே, பக்கத்தில், யாரோ நிதானமாகப் பொப்கோர்ன் மெல்லும் சத்தம். ஆதவனின் இரண்டு கைகளும் கண்ணாடியைப் பிடித்தபடி மடியில் கிடந்தன. மென்றுகொண்டிருந்தது கஜந்தினி.

ஜெயரட்ணம் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டுச் சாக்கை அவர் ஒருநாளும் குத்திப் பார்த்ததில்லை. சின்னவளாக இருந்தபோது அவர் கையில் கத்தி பட்டால் பஞ்சும் பிளாஸ்டரும் கொண்டு ஓடி வந்தவளும் இவள்தான். அப்போதும் முகம் இப்படித்தான், ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது.

மறுமுனையில் கல்யாணி முன்னால் சாய்ந்து இந்தப் பக்கம் பார்ப்பது மங்கலாகத் தெரிந்தது. முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியவில்லை. காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சுந்தரத்தின் குறட்டைக்கு மேலாகக் கல்யாணியின் குரல் வந்தது. "சார், பழைய ஜோசியர் பார்த்ததே போதும்."

"ஷ்ஷ்," என்றாள் கஜந்தினி. பிறகு, "ஓகே, இப்ப பாக்கலாம்."

ஆதவன் கண்ணாடியைப் போடவில்லை. அவள் பேச்சில் நம்பிக்கை வைக்கும் கட்டம் இன்னும் வரவில்லைபோலும்.

"அங்கிள், நீங்க முதல்ல போட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்."

ஜெயரட்ணம் போட்டுக்கொண்டார். மேஜரின் நாற்காலி வெறுமையாக இருந்தது. கதவு திறந்து கிடக்க, வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"ஓம்," என்றார். "போடுங்கோ."