வள்ளத்தின் விலைக்கு ஒரு மைக்

ஊர்காவற்றுறையில் யார் செத்தாலும் யூலியானாவுக்கு வேலை வந்துவிடும். செத்த வீட்டில் பந்தல் போட முன்னமே அவளுடைய படலையடியில் ஆள் நிற்கும். செத்தவர் எங்கே பிறந்தார், யாருக்குப் பிள்ளை, யாருக்கு மாமன், கனடாவில் யார், பிரான்சில் யார் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு, போனை வாய்க்கு நேரே பிடித்து, ‘மரண அறிவித்தல்’ என்று தொடங்குவாள். அவள் சொன்னதை அவளுடைய புருசன் தன் ஓட்டோவின் மேல் கட்டியிருக்கும் கொம்பு ஸ்பீக்கர்களில் போட்டுக்கொண்டு புளியங்கூடல், வேலணை, அங்கால் இறுப்பிட்டி வரை போய்வருவார். பிழைப்பு அதுதான்.

அவளுடையது அழுகிற குரலுமில்லை, செய்தி வாசிக்கிற குரலுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, “பிள்ளை, இப்பிடி ஒண்டு நடந்துபோச்சு, பதறாமல் கேள்” என்று சொல்கிற குரல். அந்தக் குரலில் கேட்டால்தான் சனம் செத்தது நிச்சயம் என்று நம்பியது.

ஒரேயொரு பெயரை மட்டும் அவள் சொல்லமாட்டாள். அவளுடைய புருசனின் பெயர் அன்ரனிதாஸ். இந்தக் கதையை அவளே சொல்லியிருந்தால் அந்தப் பெயர் உங்களுக்குக் கடைசிவரை தெரிந்திராது. தாலி ஏறிய நாளிலிருந்து அவள் அதை வாயால் சொன்னதில்லை. பெயர் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று தாய் சொல்லிவிட்டிருந்தாள். அதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அப்படியென்றால் சொல்லு என்றால் மாட்டாள்.

ஆனால் கடற்கரைச் சனத்தில் அன்ரனிதாஸ்மாருக்குக் குறைவா? செத்தவரோ, செத்தவரின் மருமகனோ, யாரோ ஒருவர் அந்தப் பெயரோடு வந்துவிடுவார். அந்த இடம் வந்ததும் யூலியானா போனைப் பக்கத்தில் நீட்டுவாள். புருசன் குனிந்து “அன்ரனிதாஸ்” என்பார். அவள் “அவர்களின் பாசமிகு மனைவியும்” என்று தொடர்வாள். தீவு முழுக்க இது பகிடி. அந்தப் பெயரோடு செத்தால் போகிற வழிக்கு ஆம்பிளைத் துணையும் கிடைக்கும் என்பார்கள்.

இந்த வருஷம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி அவளுடைய கழுத்தில் ஒரு வீக்கம் கண்டது. தைரொயிட் கட்டி, வெட்டி எடுக்கவேண்டும் என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர்.

“குரலுக்குப் போற நரம்பு பக்கத்தாலைதான் போகுது அம்மா. கவனமாத்தான் செய்வம். எண்டாலும் குரல் முந்தின மாதிரியே வருமெண்டு சத்தியம் பண்ண ஏலாது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது பண்ணைப் பாலம் முழுக்க அவர் விரல் மடித்து எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். வேலணை தாண்டியபிறகுதான் அவர் சொன்னார்.

“இஞ்சேரும், ஒப்பிறேசனுக்கு முதல் எல்லாத்தையும் சொல்லி வைப்பம்.”

“எதை?”

“ஊர்ப்பேர், ஆக்களின்ரை பேர், பாசமிகு கணவர், அன்பு மாமி, திங்கள், செவ்வாய், சேமக்காலை, மயானம்... துண்டு துண்டாப் பதிஞ்சு வைச்சால் பேந்து தேவைக்கு ஒட்டி எடுக்கலாம்.”

“இன்னும் சாகாத சனத்தின்ரை பேரையோ?”

“சாகாமல் எங்கை போகப்போகினம்?”

அவளுக்குச் சிரிக்கவும் களைப்பாயிருந்தது. யன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

போனில் பதிந்தால் போதுமென்றுதான் அவள் நினைத்தாள். பாரிசிலிருந்து அமலதாஸ்தான் கெடுத்தான். அவன் அவருக்கு மச்சான் முறை. அங்கே ஒரு தமிழ் வானொலியில் கொஞ்சக்காலம் ஒலிப்பதிவு பார்த்தவன். “அத்தான், காலத்துக்கும் வைச்சிருக்கிற குரலெண்டால் அந்தக்காலத்து ஜேர்மன் மைக்கிலை பதியவேணும். உள்ளுக்கை பல்ப் மாதிரி ஒண்டு எரியும். குரல் பட்டுத்துணி மாதிரி வந்து விழும்” என்று சொல்லி, விலையையும் சொன்னான். அந்த விலைக்கு ஒரு வள்ளமும் எஞ்சினும் எடுத்து, மிச்சத்துக்கு வலையும் போடலாம்.

வாங்க ஏலாது என்று தெரிந்தும் அவர் விட்டபாடில்லை. பொம்பிளை பார்க்கிறவர் மாதிரி போனில் அந்த மைக்கின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப்போலச் செய்தது, அதைப்போலத் தெரிவது, அதற்குத் தம்பி, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று விலை குறைந்த மைக்குகளையெல்லாம் தேடினார்.

“கடைசியிலை உந்தக் கொம்பாலைதானே போகப்போகுது?” என்று யூலியானா கேட்டாள். “கொம்புக்குப் பட்டும் ஒண்டுதான், சாக்கும் ஒண்டுதான்.”

அவர் போனில் அடுத்த படத்தைத் தள்ளினார். தலை நிமிராமலே, “ஒருக்காத்தானே பதியலாம்” என்றார்.

கடைசியில் சீனாக்காரன் செய்த ஒன்று கொழும்பால் வந்தது. பார்வைக்கு ஜேர்மன்காரனேதான். விலை அவருடைய கைக்கு எட்டிய விலை. வீட்டு ஹோலில் கதிரை போட்டு, அதை மேசையில் நிறுத்தி, அவளை முன்னால் இருத்தினார். அவள் ஊர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனாள். போட்டுக் கேட்டால், புளியங்கூடலுக்குப் பின்னால் கோழி கொக்கரிக்கிறது, வேலணைக்கு மேலால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, இறுப்பிட்டி முழுக்கப் பனையோலைச் சரசரப்பு. அவளுடைய குரலோ வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பிவந்து அவளையே இடித்தது.

“காது நல்ல காதுதான்” என்றாள் அவள். “உதுக்கு முன்னாலை கோழியும் செத்தவருக்கு மருமகள்.”

வேலணையில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற நிருபனிடம் போனார். “அண்ணை, அது அடைச்ச அறைக்குள்ளை வைக்கிற சாமான். உங்கடை ஹோலுக்குச் சரிவராது. இதைக் கொண்டுபோங்கோ” என்று தலை நெளிந்த மேடை மைக் ஒன்றை அவன் கொடுத்தான். அதற்குக் கோழியும் கேட்கவில்லை, யூலியானாவும் கேட்கவில்லை. உதட்டை அதில் முட்டக் கொடுத்து, அடித்தொண்டையால் தள்ளினால்தான் ஏதோ விழுந்தது. அதுவும் பானைக்குள் இருந்து கதைப்பதுபோல. அன்று பின்னேரம் அவளுக்கு எச்சில் விழுங்கவும் நொந்தது.

பிறகு கட்டிலில் கிடந்த போர்வையெல்லாம் சுவரில் தொங்கியது. அதுவும் சரிவரவில்லை. அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் அவளை நிற்க வைத்து, கதவைப் பாதி சாத்தினார். பூச்சி உருண்டை மணத்துக்குள் வியர்த்து ஒழுக அவள் “அன்புச் சகோதரியும், அன்புச் சகோதரியும்” என்று சொல்லிக்கொண்டு நிற்கும்போது, அடுத்த வீட்டு மரியநாயகி அரிசி கழுவ அரிக்கன்சட்டி இரவல் கேட்டு வந்தாள்.

“என்ன யூலி, தாசரோடை கோவமோ? அலுமாரிக்குள்ளை ஒளிச்சிருக்கிறாய்.”

“பதியிறம் அக்கா.”

விஷயம் தெரிந்ததும் மரியநாயகிக்கு முகம் மாறும் என்று யூலியானா பயந்தாள். மாறவில்லை. “அப்பிடியெண்டால் என்ரை பேரையும் வடிவாச் சொல்லி வை. ‘மரி’ எண்டு குறைச்சுப்போடாதை. முழுப்பேரும் வேணும்” என்று கதவிடுக்கில் முகத்தை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் அரிக்கன்சட்டியை எடுத்தாள்.

ஒப்பிறேசன் நாள் கிட்ட வந்தது. உருப்படியாக ஒரு ஊர்ப்பெயர்கூடப் பதியவில்லை. ஒரு மத்தியானம் அவர் அடுத்த யோசனையோடு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, யூலியானா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். கரையில் அவளுடைய தம்பி லியோன் வலை போட்டு வைக்கிற கொட்டில் இருக்கிறது. உள்ளே முகடு வரை வலைக் குவியல். பழசு, புதுசு, கிழிந்தது, தைத்தது. அவள் ஒரு குவியலில் சரிந்து கண்ணை மூடினாள். மீன்வெடுக்கு நாற்றம்தான். ஆனாலும் யாரும் “திருப்பிச் சொல்லும்” என்று சொல்லாத இடம்.

அவர் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். “இஞ்சை என்ன செய்யிறீர்?”

“என்னைக் கொஞ்சம் விடுங்கோப்பா.”

சொன்னபிறகு அவளே கண்ணைத் திறந்தாள். சொன்ன சொல் எங்கும் போய் முட்டவில்லை, திரும்பி வரவுமில்லை. வாயிலிருந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. வெளியில் கடல் இரைந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே அதன் சத்தம் இல்லை.

“திருப்பிச் சொல்லும்” என்றார் அவர்.

“எதை? என்னை விடுங்கோ எண்டதையோ?”

“ஓம், அதைத்தான்.”

சீனாக்கார மைக் வலைக்கொட்டிலுக்கு இடம்மாறியது. வாசலிலும் மடித்து மடித்து வலை தொங்கியது. லியோன் தலையில் கைவைத்தான். “அக்கா, இனி என்ரை வலையிலை மீன் படாது. மரண அறிவித்தல்தான் படும்.”

வள்ளங்கள் தொழிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துப் பதிந்தார்கள். எல்லாவற்றையும் கேட்ட அந்த மைக் இப்போது அவளை மட்டும் கேட்டது. அவளுடைய மூச்சையும், எச்சில் விழுங்கும்போது கட்டி தடக்குகிறதையும் கேட்டது. மூச்சை வெட்டிவிடவோ என்று அவர் கேட்டார். “விடுங்கோ. மூச்சில்லாமல் சொன்னால் சனம் பயந்துபோகும்” என்றாள்.

ஊர்கள் முடிந்தன. முறைகள் முடிந்தன. பெயர்களில் அவள் சண்டை பிடித்தவர்களும் இருந்தார்கள், தூக்கி வளர்த்தவர்களும் இருந்தார்கள். சின்னவர்களின் பெயர் வரும்போது ஒவ்வொரு முறையும் மனதுக்குள், ‘மாதாவே, இதுக்குத் தேவை வரக்கூடாது’ என்றுவிட்டுத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போக முதல்நாள் பின்னேரம் அவளுடைய குரல் அடிபட்ட வாளிபோல் இருந்தது.

“எல்லாரையும் சாக்காட்டியாச்சு” என்றாள்.

“இன்னும் ஒராள்” என்றார் அவர். மைக்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். “ஒருக்காச் சொல்லிவிடுமன். எத்தினை பேர் அந்தப் பேரோடை இருக்கினம்.”

“நீங்களே சொல்லுங்கோ. உங்கடை தொண்டையிலை கட்டி இல்லைத்தானே.”

“என்ரை குரல் கொட்டாவி மாதிரி.”

“இவ்வளவு நாளும் செத்ததுகள் கொட்டாவியோடைதானே போனதுகள்.”

அவர் வற்புறுத்தவில்லை. “சரி” என்றார். கவிழ்ந்து கிடந்த மீன்கூடையில் குந்தியிருந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு இன்னொரு முறையும் “சரி” என்றார். அப்போது அவருடைய போன் அடித்தது. வேலணையிலிருந்து யாரோ. உள்ளே சரியாகக் கேட்காது என்று வலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

மைக்குக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

யூலியானா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கொம்புக்கு இது தேவையில்லை என்று அவள் அன்றைக்குச் சொன்னபோது அவர் ஏன் ‘ஒருக்காத்தானே பதியலாம்’ என்றார் என்று இப்போதுதான் விளங்கியது. அவருக்கு அது கொம்புக்காக மட்டுமில்லை. விளங்கியதும் இன்னும் களைத்தாள். குனிந்து, அறிவித்தல் குரலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வீட்டு வளவுக் கோடியில் வேலையாய் நிற்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, “அன்ரனிதாஸ்” என்றாள்.

வலை அதை அப்படியே உள்வாங்கிக்கொண்டது. சொன்னேனா இல்லையா என்று அவளுக்கே சந்தேகமாயிருந்தது. கெதியாய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவர் வந்தார். “முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

ஒப்பிறேசன் நல்லபடி நடந்தது. கட்டி போய்விட்டது. குரல் நூல்மாதிரி வந்தது. பக்கத்தில் வந்து நின்றால் கேட்கும், குசினியிலிருந்து ஹோலுக்குக் கேட்காது. பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். பொறுப்பது அவளுக்குப் பழக்கம்தான். அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் அகப்பையால் பானைமூடியில் தட்டினாள். செத்தவர்களை மட்டும் முந்தின குரலிலேயே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

உயிர்ப்புப் பெருநாள் கழிந்த கொஞ்ச நாளில் மெலிஞ்சிமுனையில் ஒருவர் கடலால் வந்து படுத்தவர் எழும்பவில்லை. அவருடைய மகன் வந்து விபரம் சொல்லிவிட்டுப் போனான். செத்தவருடைய பெயரும் அன்ரனிதாஸ்.

புருசன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பியூட்டரில் துண்டுகளை ஒவ்வொன்றாய்த் தேடி ஒட்டத் தொடங்கினார். யூலியானா குசினி வாசலில் நின்று அவருடைய முதுகைப் பார்த்தாள். கை ஓரிடத்தில் நின்றது. கனநேரம் நின்றது. பிறகு அதே இடத்தைத் திருப்பித் திருப்பி அமத்தினார். அவள் மீன் வெட்டப் போய்விட்டாள். அவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வலைக்கொட்டில் பக்கம் போவது யன்னலால் தெரிந்தது.

ஓட்டோ புறப்பட்டது. தெருமுனையில் கொம்பு பேசத் தொடங்கியது. ‘மரண அறிவித்தல்’ அவளுடைய குரல். ‘மெலிஞ்சிமுனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ அவளுடைய குரல். பிறகு, கொட்டாவி விடுகிறதுபோல, “அன்ரனிதாஸ்” என்றது அவருடைய குரல். ‘அவர்கள் காலமானார்’ என்று அவளே முடித்தாள்.

அவர் திரும்பி வந்து கைகால் கழுவும்போது அவள் பக்கத்தில் போய், நூல் குரலில் கேட்டாள். “ஏன் நீங்கள் சொன்னனீங்கள்? நான் சொல்லி வைச்சனான்தானே.”

அவர் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். “அது அந்தாளுக்கோ சொன்னனீர்?”

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டாள். பானைமூடியில் தட்டினாள். ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஹோலில் கம்பியூட்டருக்கு முன்னால், ஹெட்போனைக் கையால் காதோடு அமத்திக்கொண்டு இருந்தார்.

மற்ற நாளென்றால் பலமாய் இன்னொரு தட்டுத் தட்டியிருப்பாள். அகப்பையை வைத்துவிட்டு, சோற்றுக் கோப்பையை ஒரு தட்டால் மூடினாள். சோறு ஆறினால் ஆறட்டும்.