இரண்டு மில்லிமீட்டர் எலும்பு

அம்மா மகளிடம் பேசினால் அவள் காதைப் பார்த்துத்தான் பேசுவாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் நடப்பு. அவள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோவிலும் அம்மா கேமராக்காரனைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கறுப்பு அங்கியோடு நிற்பது யார் வீட்டுப் பெண்ணோ என்கிற மாதிரி.

காரணம் ஊரறிந்ததுதான். அப்பன் விட்டுவிட்டு ஓடிப்போனவன். போனவன் மூக்கையும் கையோடு கொண்டுபோயிருக்கலாம். மகள் முகத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். நடுவில் புடைத்த மூக்கு. வருகிறபோதெல்லாம் சித்தி, "உரிச்சு வச்சாப்ல அப்படியே அப்பன்டி" என்று பற்றவைத்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூட வயசில் ஒருநாள் எதிர்த்துப் பேசியதற்கு அம்மா சொன்னாள், "அந்த மூக்கத் தூக்கிட்டு என் முன்னால வந்து நிக்காத." சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

படித்து முடித்ததும் வேலையும் மூக்கிலேயே வாய்த்தது. மூக்கைத் திருத்தும் ஆஸ்பத்திரியில் படமெடுக்கும் அறை அவளுடையது. சுற்றி வைத்த கேமராக்கள் ஒரே நொடியில் முகத்தைப் பிடிக்கும்; கம்ப்யூட்டரில் அந்த முகம் முழுசாக எழுந்து நிற்கும். அதில் மயிரிழை மயிரிழையாக எலும்பைக் குறைத்து, "ஆபரேஷன் ஆனா இப்படி இருப்பீங்க" என்று காட்டுவாள். அந்த அளவை வைத்துத்தான் டாக்டரம்மா உள்ளே அறுப்பார். உளி, சுத்தியல் காலமெல்லாம் போய், அதிர்வால் அறுக்கும் கருவி வந்தாச்சு. எலும்பை மட்டும் அறுக்கும், சதையைச் சீண்டாது. அவள் கண் போடும் அளவு பிசகாது என்பதால் அங்கே எல்லாருக்கும் அவள் 'ஸ்கேல்'.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி பிடிக்கும். முகத்தில் எந்தக் குறை என்றாலும் அதற்கு ஓர் இடமும் அளவும் உண்டு என்று நம்பிவிடுவார்கள். ஸ்கேலையும் பிடித்தது. சித்தியிடம் வாங்கிய அப்பனின் பழைய போட்டோ ஒன்று, பக்கவாட்டில் திரும்பி நிற்பது. ஆள் வராத ஒரு மத்தியானம் அதைக் கம்ப்யூட்டரில் தன் முகத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். நெற்றி அம்மாவுடையது, தாடையும் அம்மாவுடையது. அப்பன் பதுங்கியிருந்தது ஒரே இடத்தில், இரண்டு மில்லிமீட்டர்.

"இவ்வளவுதானாடா நீ?" என்றாள் திரையைப் பார்த்து.

அதை எடுத்துவிடப்போகிறாள் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி நர்ஸக்கா பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை பாத்தாச்சா? மூச்சே விடலையேடி!"

"மாப்பிள்ளைக்கு இல்லக்கா. வேற ஒருத்தங்க பாக்கணும்."

"யாரு அந்த மகராசன்?"

"எங்கம்மா."

நர்ஸக்கா சிரிக்க வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் மூஞ்சிக்கு இந்த மூக்குதான் பொருத்தம். வேற யாராவது வந்து கேட்டா நீயே வேணாம்னு சொல்லுவ. சரி, எடுத்தும் உங்கம்மா மாறலைன்னா?"

மாறாமல் இருந்தால் தேவலை என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். மாறாவிட்டால் குற்றம் மூக்கின் மேல் இல்லை. அம்மாவுக்கு யாரையுமே பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான் என்று தலைமுழுகிவிடலாம்.

வெளியூர் ட்ரெய்னிங் என்று வீட்டில் புளுகிவிட்டு, கட்டுப் பிரிக்கும் வரை நர்ஸக்கா வீட்டில் கிடந்தாள். பிரித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள்.

"வந்துட்டியா? கைகால கழுவு" என்றாள் அம்மா, ஊசியைப் பார்த்தபடி. அப்புறம் நிமிர்ந்தாள். மெஷின் நின்றது.

எழுந்து வந்து, மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டேம்மா" என்றாள் மகள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் தங்கமே... இப்பத்தான்டி என் பொண்ணா இருக்க."

நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள். அம்மாவின் இடது கண்ணில் ஒரு பழுப்புப் புள்ளி இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பலித்துவிட்டது. ஒரு மயிரிழை பிசகில்லை.

அம்மா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிசைந்து, உருட்டி, "வாயத் திற" என்று ஊட்டினாள். மென்றபடியே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

"ஏன்டி அழுற? வலிக்குதா?"

"இல்ல. இத்தன வருஷம் இந்த வீட்ல உன்கூட ஒருத்தி இருந்தாளேம்மா. அவளுக்கு ஒரு வாய் இப்படி ஊட்டியிருக்கியா?"

அம்மா புறங்கையால் மகள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அதான் எடுத்தாச்சே. இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு?" என்று அடுத்த வாயை உருட்டி நீட்டினாள்.

தட்டைத் தட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை பசி. அதுதான் கேவலமாக இருந்தது.